காலை ஷிப்டுக்கு ஆள் வருவதில்லை: ஊக்கத்தொகையைக் கூட்டுவதா, கடிதம் கொடுப்பதா?

செனோக்கோ_மேற்பார்வையாளர்
திங்கள், இரவு 9.20

சிங்கப்பூரில், செனோக்கோவில் உறைய வைத்த உணவைப் பொட்டலமிடும் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். காலை 7 மணி ஷிப்டுக்கு முப்பதுக்கும் மேற்பட்டோர் வர வேண்டும். பாதிப்பேர் உட்லண்ட்ஸ், ஈசூன் பக்கத்து அக்காமார்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள். மீதிப்பேர் மலேசியாவின் ஜோகூரிலிருந்து தினமும் பாலம் கடந்து வருபவர்கள். ஆறரை மணியானால் என் கைபேசிக்கு ஒவ்வொன்றாகச் செய்தி வரத் தொடங்கும்: காய்ச்சல், வயிற்றுப்போக்கு, பேரனுக்கு முடியவில்லை. நாலு பேர் குறைந்தால் ஓர் இயந்திரத்தை நிறுத்தியாக வேண்டும். வந்தவர்களுக்கு ஓவர்டைம் கொடுத்துச் சமாளிக்கிறேன். அப்படி ஓவர்டைம் பார்த்தவர்களே அடுத்த வாரம் எம்.சி. (மருத்துவ விடுப்புச் சான்றிதழ்) எடுக்கிறார்கள்.

இப்போதைய ஏற்பாடு இதுதான். மாதம் முழுக்க ஒரு நாளும் தவறாமல், தாமதமும் ஆகாமல் வந்தால் 100 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வருகை ஊக்கத்தொகை. எம்.சி. எடுத்தாலும் தொகை போய்விடும். இதை 150 ஆக்கலாம் என்கிறார் முதலாளி. கூடவே, மூன்று மாதத்தில் மூன்று முறைக்கு மேல் எம்.சி. எடுப்பவருக்கு எச்சரிக்கைக் கடிதம். வெள்ளிக்கிழமைக்குள் என் கருத்தை எழுதிக் கொடுக்க வேண்டும். இதே வேலையில் இருப்பவர்கள் என்ன செய்கிறீர்கள்?

---

பழைய_ஃபோர்மன்
திங்கள், இரவு 9.48

கடிதம் கொடுங்கள் தம்பி. கப்பல் பட்டறையில் காலமெல்லாம் ஆள் மேய்த்தவன் சொல்கிறேன். திங்கட்கிழமைக் காய்ச்சலும், சம்பளம் போட்ட மறுநாள் தலைவலியும் எந்த மருத்துவப் புத்தகத்திலும் இல்லாத நோய்கள். அந்தக் காலத்தில் எம்.சி. வேண்டுமென்றால் மருந்தகம்வரை, அதாவது கிளினிக்வரை, நடந்தாவது போக வேண்டும். இப்போது கட்டிலில் படுத்தபடியே கைபேசியில் முகத்தைக் காட்டினால் வந்துவிடுகிறது. ஒரு நிமிடம்கூட நீடிக்காத காணொளி ஆலோசனைகளுக்காக 2024 கடைசியில் ஒரு மருந்தகத்தின் உரிமத்தையே சுகாதார அமைச்சு ரத்து செய்யவில்லையா?

இன்னொன்று. தீபாவளிக்கு முதல் நாளோ மறுநாளோ வேலைக்கு வராமல் மட்டம் போட்டால் தீபாவளி நாளின் சம்பளமும் கிடையாது என்று சட்டத்திலேயே இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

---

மனிதவள_அக்கா
திங்கள், இரவு 10.15

ஃபோர்மன் அண்ணன் சட்டத்தைப் பாதியில் நிறுத்திவிட்டார். பொது விடுமுறைக்கு முந்திய அல்லது அடுத்த வேலை நாளில் *அனுமதியும் இல்லாமல், தக்க காரணமும் இல்லாமல்* வராதவருக்குத்தான் அந்த விதி. எம்.சி. வைத்திருப்பவர் அதற்குள் வரமாட்டார்.

தம்பி, உங்கள் முதலாளி இரண்டு வேறு சிக்கல்களை ஒரே கடிதத்துக்குள் அடைக்கப் பார்க்கிறார். தகவல் சொல்லி, எம்.சி. கொண்டுவருபவர் ஒரு வகை. சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகிறவர் இன்னொரு வகை. இரண்டாவது வகைக்குச் சட்டம் கறாராகவே இருக்கிறது: அனுமதியோ தக்க காரணமோ இல்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராமலும், தகவல் சொல்ல முயற்சிகூடச் செய்யாமலும் இருந்தால் ஒப்பந்தத்தை மீறியதாகவே கருதலாம்.

முதல் வகைக்கு அப்படி இல்லை. ஆறு மாதம் வேலை பார்த்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு; மருத்துவமனையில் சேர வேண்டியிருந்தால் அந்த 14 நாளையும் சேர்த்து 60 நாள்வரை. மூன்று மாதம் முடித்தவருக்கே 5 நாளும், மருத்துவமனை என்றால் 15 நாளும் உண்டு. 48 மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டியது அவர் கடமை. 2019 ஏப்ரல் முதல் பதிவுபெற்ற எந்த மருத்துவர் கொடுத்த எம்.சி.யையும் இந்த விடுப்புக்கு ஏற்க வேண்டும். "எங்கள் பட்டியலில் உள்ள மருந்தகத்தில் வாங்கினால்தான் செல்லும்" என்று இன்னும் சில இடங்களில் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். மருத்துவர் கட்டணத்தைத் திருப்பித் தருவதற்கு வேண்டுமானால் அந்தக் கட்டுப்பாடு பொருந்தும், விடுப்புக்குப் பொருந்தாது.

சட்டம் கொடுத்த விடுப்பை எடுத்ததற்காக மட்டும் ஒருவரைத் தண்டிக்கக் கூடாது என்று மனிதவள அமைச்சு, தொழிற்சங்கக் காங்கிரஸ் (என்டியுசி), முதலாளிகள் சம்மேளனம் மூன்றுமே சொல்லியிருக்கின்றன. அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போடப் போவது நீங்களா, முதலாளியா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

---

கிடங்குக்_கணக்கர்
திங்கள், இரவு 11.02

ஜூரோங்கில் கிடங்கு. எங்களிடமும் "ஒரு நாள் தவறினால் எல்லாம் போச்சு" என்ற ஊக்கத்தொகைதான் இருந்தது. அதன் கோளாறு வருகைப் பதிவேட்டிலேயே தெரியும். மாதம் 3ஆம் தேதி காய்ச்சல் கண்டவருக்கு 100 வெள்ளி அன்றே போய்விட்டது. மீதி இருபத்துச் சொச்ச நாளும் அவர் வந்தாலும் ஒன்றுதான், வராவிட்டாலும் ஒன்றுதான். இழப்பதற்கு இனி எதுவும் இல்லாதவரிடம் 150 வெள்ளி என்று சொன்னால் என்ன, 300 என்று சொன்னால் என்ன?

தாமதத்தையும் இதில் கோத்ததுதான் இன்னும் பெரிய கோளாறு. பதினைந்து நிமிடம் தாமதமானாலும் தொகை போகும் என்றால், தாமதமாகிவிட்டது என்று தெரிந்த கணமே மனிதர் கணக்குப் போடுவார். திட்டு வாங்கிக்கொண்டு, தொகையும் இல்லாமல், நாள் முழுக்க நின்று வேலை பார்ப்பதா? இல்லை, பஸ் நிறுத்தத்திலிருந்து அப்படியே மருந்தகத்துக்குத் திரும்புவதா? சம்பளத்துடன் ஒரு நாள் ஓய்வு. அவருடைய இடத்தில் நான் இருந்தால் நானும் திரும்பியிருப்பேன்.

நாங்கள் தொகையைக் கூட்டவில்லை. அதே 100 வெள்ளியை வாரத்துக்கு 25 என்று உடைத்தோம். ஒரு வாரம் போனால் அந்த வாரத்தோடு போகும். தாமதத்தை இதிலிருந்து எடுத்துவிட்டு, தாமதித்த நிமிடங்களுக்கான சம்பளத்தை மட்டும் கழித்தோம். மாதக் கடைசியில் ஆள் இல்லாத நிலை வெகுவாகக் குறைந்தது.

---

நடுச்_சமையலறை
செவ்வாய், காலை 6.35

யாரும் தொடாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அடுப்பு பற்றவைப்பதற்குள்.

தம்பி, உங்களுடையது உணவுத் தொழிற்சாலை. உங்களுக்கு வருகிற செய்திகளில் "வயிற்றுப்போக்கு" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருப்பவர் உணவைத் தொடவே கூடாது. சிங்கப்பூர் உணவு அமைப்பு அடிப்படைப் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுப்பது இது. 150 வெள்ளியை ஆட்டிக்காட்டி அவரை நீங்கள் வேலைக்கு இழுக்கிறீர்கள். அவர் வாயைத் திறக்கமாட்டார். இரண்டு மாத்திரையை விழுங்கிவிட்டுக் கையுறை மாட்டிக்கொண்டு நிற்பார்.

வாந்தி, வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் நோரோ கிருமி என்றால் மிகச் சிறிதளவே போதும், அடுத்தவருக்குத் தொற்றிவிடும். வயிறு சரியான பிறகும் சில நாள் உடம்பிலிருந்து வெளியேறிக்கொண்டே இருக்கும். நுழைவாயிலில் வைத்திருக்கிறோமே கைத்தூய்மித் திரவம், அது இந்தக் கிருமிக்கு அவ்வளவாக வேலை செய்யாது. சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும்தான். உறைய வைத்தாலும் சாகாது. ஒரு பொட்டலத்தோடு முடிந்துபோகும் விஷயமா இது? ஒருவர் வராததால் ஓர் இயந்திரம் நிற்பதா, ஒருவர் வந்ததால் கடைக்குப் போன சரக்கையெல்லாம் திரும்பப் பெறுவதா என்று உங்கள் முதலாளியிடம் கேளுங்கள்.

எங்கள் சமையலறையில் வயிற்றுக் கோளாறுக்கான எம்.சி. ஊக்கத்தொகையைத் தொடாது. காலையில் வாயைத் திறந்து சொன்னதற்காகத் தலைமைச் சமையல்காரர் நன்றிகூடச் சொல்வார். அவர் நன்றி சொல்வது அந்த ஒரு சமயத்தில் மட்டும்தான்.

---

ஜோகூர்ப்_பயணி
செவ்வாய், இரவு 8.10

அக்காமார்களும் அண்ணன்மார்களும் பேசுவதைப் படித்தேன். பாலத்தின் அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவன் நான்.

7 மணி ஷிப்டுக்கு நாலு மணிக்கு முன்பே எழுந்திருக்கிறேன். மோட்டார்சைக்கிள். மழை இல்லாத நாளில் சோதனைச்சாவடியைச் சீக்கிரமே தாண்டிவிடலாம். மழை பெய்தால் மேம்பாலத்துக்கு அடியில் நூற்றுக்கணக்கான வண்டிகள் ஒதுங்கி நிற்கும். மழைச்சட்டைக்குள் தண்ணீர் இறங்கும். மணி ஆறு, ஆறேகால் என்று ஓடும். எப்போது வந்து சேருவேன் என்று எனக்கே தெரியாது. நான் முன்பு இருந்த இடத்தில் அரை மணி நேரம் தாமதமாகும் என்று தொலைபேசியில் சொன்னால், "அப்படியானால் வராதே, ஆளை மாற்றிவிட்டேன்" என்பார் மேற்பார்வையாளர். பிறகு அதே நாளை என் பெயருக்கு நேரே "வரவில்லை" என்று குறிப்பார். மூன்று மணி நேரம் சாலையில் நின்றவன் வராதவனா?

இப்போது இருக்கும் இடத்தில் ஜோகூரிலிருந்து வருபவர்களுக்கு 7, 8 என்று இரண்டு தொடக்க நேரம். மாதத் தொடக்கத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். எட்டு மணிக்காரர்கள் ஒரு மணி நேரம் பிந்திக் கிளம்புவார்கள். மழை நாளில் ஏழு மணிக்காரரும் எட்டு மணிக் குழுவில் சேர்ந்துகொள்ளலாம், ஒரு செய்தி போட்டால் போதும். ஜோகூர் பாருவையும் உட்லண்ட்ஸையும் இணைக்கும் ஆர்டிஎஸ் ரயில் ஓடத் தொடங்கினால் எங்கள் பாடு மாறலாம். ஆனால் ஜோகூர்ப் பக்கத்து நிலையமான புக்கிட் சாகாரில் ஏறுவதற்கு முன்னால் வீட்டிலிருந்து அங்கே வர வேண்டுமே!

---

பழைய_ஃபோர்மன்
செவ்வாய், இரவு 8.31

உங்கள் கஷ்டம் புரிகிறது தம்பி. ஆனால் ஆளுக்கு ஒரு நேரம் என்று விட்டால் இயந்திரத்தை எப்போது ஓட்டுவது? எங்கள் காலத்தில் மழையிலும் வந்தோம்.

---

மருந்தக_முகப்பு
செவ்வாய், இரவு 10.40

மருந்தகத்தில் பதிவு மேசையில் இருப்பவள். எம்.சி. எப்படிப் பிறக்கிறது என்பதைத் தினமும் பார்க்கிறேன்.

நடிப்பவர்கள் இல்லையா என்றால், இருக்கிறார்கள். வந்ததும் முதல் கேள்வியே "எத்தனை நாள் கிடைக்கும்?" ஆனால் காலையில் கதவு திறக்கும்போது நிற்கும் கூட்டத்தில் அவர்கள் கொஞ்சம்தான். மற்றவர்களில் ஒருவரைச் சொல்கிறேன். அவரைப் போலப் பலர். அறுபதை நெருங்கும் அம்மா. வேலைச் சீருடையின் மேல் கம்பளிச் சட்டை, கையில் நெகிழிப் பை, அதற்குள் மாத்திரைப் பட்டைகள், இரத்தச் சர்க்கரை குறித்து வைத்த சிறிய புத்தகம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் பரிசோதனை அது. ஒன்பதரைக்கு எல்லாம் முடிந்துவிடும். பத்தரைக்கு வேலையில் இருக்கலாம். நான் வந்துபோன நேரத்தை எழுதிச் சீட்டு கொடுப்பேன். வாங்கமாட்டார். "இதைக் கம்பெனியில் ஏற்கமாட்டார்கள் அம்மா, பாதி நாள் என்று ஒன்று அங்கே கிடையாது. டாக்டரிடம் ஒரு நாள் எழுதித் தரச் சொல்லுங்கள்" என்பார்.

உடல்நிலையைப் பார்த்துத்தான் எம்.சி. எழுத வேண்டும் என்பது மருத்துவருக்குத் தெரியும். இப்போது கண்காணிப்பும் கூடியிருக்கிறது. சில நாள் எழுதுவார், சில நாள் மறுத்துவிடுவார். மறுத்தால் அந்த அம்மா அடுத்த பரிசோதனைக்கு வருவதில்லை. ஓராண்டு கழித்துக் காலில் ஆறாத புண்ணோடு வருவார். அப்போது ஒரு நாள் எம்.சி. எந்த மூலைக்கு?

அரசாங்கப் பலதுறை மருந்தகங்களிலும் இதே கதைதான் என்று அங்கே வேலை பார்க்கும் தோழி சொல்கிறாள். சனிக்கிழமை அரை நாள்தான். அந்த இடம் கிடைக்க வேண்டுமே.

---

செனோக்கோ_மேற்பார்வையாளர்
புதன், இரவு 9.55

எல்லோருக்கும் நன்றி. மருந்தக அக்கா எழுதியதைப் படித்துவிட்டு இன்று மதியம் வருகைப் பதிவேட்டைக் கிழமை வாரியாகப் பிரித்துப் போட்டேன்.

திங்கட்கிழமை அதிகம் இருக்கும் என்று எதிர்பார்த்தேன். இல்லை. செவ்வாயும் புதனும்தான் அதிகம். சனி, ஞாயிறில் ஓவர்டைம் வைத்த வாரங்களில் இது இன்னும் கூடுகிறது. அக்காமார்களின் எம்.சி.கள் பெரும்பாலும் ஒரு நாள். பலருக்கு ஏறக்குறைய மூன்று மாத இடைவெளியில் வருகின்றன. அதைப் பார்த்ததும் அக்கா சொன்ன நெகிழிப் பைதான் கண்முன் வந்தது. ஜோகூர்க்காரர்களுடையவை மாதத்தில் சில நாள்களில் கொத்தாக விழுகின்றன. வானிலையோடு ஒப்பிட்டுப் பார்க்க நேரமில்லை, ஆனால் ஒரு நாள் எனக்கே நினைவிருக்கிறது, கொட்டித் தீர்த்த மழை.

வேலை அட்டவணையை நாங்கள் வெளியிடுவது சனிக்கிழமை மாலை, அடுத்த வாரத்துக்கு. மருந்தகத்தில் நாள் வாங்குவதோ மாதக்கணக்கில் முன்னதாக. இரண்டும் எப்படி ஒத்துப்போகும்?

---

கிடங்குக்_கணக்கர்
புதன், இரவு 10.20

பதிவேட்டைப் பிரித்ததே பாதி வேலை. அடுத்த கட்டமாக, பிராட்ஃபோர்டு கணக்கு என்று ஒன்று உண்டு. எத்தனை தடவை வராமல் இருந்தார் என்பதை வர்க்கமாக்கி, மொத்த நாள்களால் பெருக்க வேண்டும். ஒரே மூச்சில் பத்து நாள் படுத்தவருக்கு 1×1×10, அதாவது 10 புள்ளி. ஒவ்வொரு நாளாகப் பத்துத் தடவை எடுத்தவருக்கு 10×10×10, 1000 புள்ளி. மொத்த நாள் அதே பத்துதான், புள்ளி நூறு மடங்கு. திடீர் திடீரென்று வராமல் போவதுதான் வேலையைக் குலைக்கிறது என்பது இதன் அடிப்படை.

---

பழைய_ஃபோர்மன்
புதன், இரவு 10.27

பாருங்கள், கணக்கே என் பக்கம் பேசுகிறது. 1000 புள்ளிக்காரனுக்குக் கடிதம்.

---

மனிதவள_அக்கா
புதன், இரவு 10.58

அண்ணே, அந்த 1000 புள்ளிக்காரர் ஆஸ்துமாக்காரராக இருந்தால்? மூன்று மாதத்துக்கு ஒருமுறை சர்க்கரைப் பரிசோதனைக்குப் போகும் அம்மாவுக்கும், ஆண்டில் அதே நாலு தடவை சம்பளத்துக்கு மறுநாள் படுப்பவருக்கும் இந்தக் கணக்கு ஒரே புள்ளிதான் போடும். யாரிடம் முதலில் உட்கார்ந்து பேசலாம் என்று பார்க்க உதவும், அவ்வளவுதான். புள்ளியைப் பார்த்துக் கடிதம் அச்சடிக்கும் இடங்களில், ஒரு நாள் எடுத்தால் தீர வேண்டிய காய்ச்சலுக்கு மூன்று நாள் கேட்டு வாங்குகிறார்கள். தடவை குறைந்தால் புள்ளி குறையுமே!

பேசுவது என்றால் விசாரணை அல்ல. திரும்பி வந்த அன்று, மற்றவர்கள் காதில் விழாத இடத்தில், ஐந்து நிமிடம். என்ன நோய் என்று தோண்டித் துருவ வேண்டாம். "இப்போது எப்படி இருக்கிறது, கனமான பெட்டியைத் தூக்காத வேலையாக இரண்டு நாள் போடவா?" என்று கேளுங்கள். எல்லோரிடமும் கேளுங்கள், பிடித்தவர் பிடிக்காதவர் என்று பார்க்காமல். நடிப்பவர்களுக்கு அந்த ஐந்து நிமிடம்தான் கடிதத்தைவிடக் கசக்கும். அதற்குப் பிறகும் ஒருவர் தொடர்ந்து ஏய்த்தால் கடிதம் கொடுங்கள், நானே எழுதித் தருகிறேன்.

---

ஈசூன்_அம்மா
வியாழன், மதியம் 1.05

சாப்பாட்டு இடைவேளையில் எழுதுகிறேன். "பேரனுக்கு முடியவில்லை" என்ற செய்தியை யாரும் கண்டுகொள்ளவில்லையே.

பாலர் பள்ளியில் கை, கால், வாய்ப்புண் நோய் வந்தால் குணமாகும்வரை பிள்ளையை உள்ளே விடமாட்டார்கள். பெற்றோருக்குப் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு இருக்கிறது: பிள்ளை சிங்கப்பூர்க் குடிமகனாக, ஏழு வயதுக்குக் கீழ் இருந்தால் ஆண்டுக்கு ஆறு நாள், ஏழு முதல் பன்னிரண்டு வயதுவரை இரண்டு நாள். எங்கள் இடத்தில் பாதிப்பேருக்கு இது இருப்பதே தெரியாமல் தங்கள் பெயரில் எம்.சி. எடுத்துக்கொண்டிருந்தார்கள். உணவறைச் சுவரில் ஒரு தாள் ஒட்டினாலே அது நின்றுவிடும்.

ஆனால் பாட்டிக்கு அந்த விடுப்பு கிடையாது. உங்கள் அக்காமார்களின் மகள்கள் ஆறு நாளையும் பிப்ரவரிக்குள் தீர்த்திருப்பார்கள்; பிறகு பாட்டிக்குத்தான் காய்ச்சல் வரும். வேறு வழி? வருடாந்தர விடுப்பில் அரை நாள், ஒரு நாள் என்று அன்று காலையிலேயே சொல்லி எடுக்க விட்டால் பாட்டி எதற்கு மருந்தகத்துக்குப் போய் இருமிக் காட்டப் போகிறார்?

நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக்கு எழுத்தில் விண்ணப்பித்தால் முதலாளி இரண்டு மாதத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்று 2024 டிசம்பர் முதல் முத்தரப்பு (அரசாங்கம், தொழிற்சங்கம், முதலாளிகள்) வழிகாட்டி இருக்கிறது. கொடுத்தே ஆக வேண்டும் என்றில்லை, பதில் சொல்லியாக வேண்டும். தொழிற்சாலையில் வீட்டிலிருந்து வேலை பார்க்க முடியாதுதான். ஷிப்டு நேரத்தை மாற்றிக் கேட்கலாமே.

---

செனோக்கோ_மேற்பார்வையாளர்
வெள்ளி, இரவு 8.45

எழுதிக் கொடுத்துவிட்டேன். தொகையைக் கூட்ட வேண்டாம், வாரமாக உடையுங்கள். வயிற்றுக் கோளாறை அதிலிருந்து விலக்குங்கள். மருந்தக நேரச் சீட்டை ஏற்று அரை நாள் கொடுங்கள். வேலை அட்டவணையை ஒரு மாதம் முன்னதாக வெளியிடுங்கள். இரண்டு தொடக்க நேரம் வையுங்கள். கடிதம் வேண்டாம் என்று எழுதவில்லை. சொல்லாமல் காணாமல் போகிறவர்களுக்கு மட்டும் என்று எழுதினேன்.

முதலாளி கிருமி விஷயத்தில் மட்டும் இரண்டாவது கேள்வி கேட்கவில்லை. உடனே சரி என்றார். நேரச் சீட்டுக்கும் சரி. வாரமாக உடைப்பதைச் சம்பளக் கணக்குப் பார்ப்பவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். வேலை அட்டவணை ஒரு மாதம் முடியாதாம், வாடிக்கையாளர்களின் ஆர்டர் அப்படி. இரண்டு வாரம் என்று பேசி முடித்தோம். இரண்டு தொடக்க நேரம் என்றதும் ஃபோர்மன் அண்ணன் கேட்ட அதே கேள்வியைக் கேட்டார். அதே தொனியில்!

அதற்குப் பதிலாக ஊழியர்கள் தங்களுக்குள் ஷிப்டு மாற்றிக்கொள்ள அனுமதித்திருக்கிறார். இதை எப்படி நடத்துவது? வாட்ஸ்அப் குழுவில் விட்டால் யார் வருகிறார் யார் வரவில்லை என்றே தெரியாமல் போய்விடும் என்று பயமாக இருக்கிறது.

---

ஜோகூர்ப்_பயணி
வெள்ளி, இரவு 9.30

குழுவில் விடாதீர்கள் அண்ணா. எங்கள் இடத்தில் உணவறையில் ஒரு நோட்டுப் புத்தகம் கட்டித் தொங்குகிறது. தேதி, விட்டுக்கொடுப்பவர் பெயர், எடுத்துக்கொள்பவர் பெயர், இருவர் கையெழுத்து. முந்திய நாள் மாலை நாலு மணிக்குள் மேற்பார்வையாளர் கையெழுத்து போட்டால்தான் செல்லும். அதன் பிறகு வராமல் போனால் எடுத்துக்கொண்டவர் பெயரில்தான் குறிப்பார்கள், விட்டுக்கொடுத்தவர் தப்பித்தார். ஒரே வேலை தெரிந்தவர்களுக்குள்தான் மாற்றலாம், பொட்டலமிடுபவர் குளிரறைக்காரரோடு மாற்ற முடியாது. மாற்றுவதால் யாருக்கும் ஒரே நாளில் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

பேனாவைக் கயிற்றில் கட்டுங்கள். இல்லாவிட்டால் முதல் நாளே காணாமல் போகும்.